நீர்த்தொட்டிச் செடிகளில் விபரீத வளர்ச்சி: காரணம் அறியும் முறை

பள்ளிகளின் விஞ்ஞானக் கூடங்களில் கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து, அதில் சில மீன்களையும் நீர்ச்செடிகளையும் வளர்ப்பது நெடுநாளைய வழக்கமாகும். ஒளிச்சேர்க்கையின்போது பிராணவாயு வெளிப்படுவதை மாணவர்க்குக் காட்டுவதற்கு ஹைடிரில்லாச் செடியைவிட எளிய சாதனம் வேறில்லை. பள்ளிக்கு வெளியே, அலங்கார மீன் வளர்ப்பு நம் நாட்டின் பல மாநிலங்களில் ஒரு துணைத் தொழிலாக வளர்ந்திருக்கிறது. மீனுடன் நீர்ச்செடிகளையும் பயிரிட்டு விற்று, அவ்வருவாயைக் கொண்டு வாழும் குடும்பங்களும் உள்ளன. ஆகவே, தொட்டிச் செடியின் இலை ஏன் மஞ்சளிக்கிறது, குருத்து ஏன் சுருள்கிறது, தண்டு ஏன் ஒரேயடியாக நீள்கிறது என்னும் வினாக்கள் ஆசிரியரிடமும் கள ஊழியரிடமும் அடிக்கடி வந்து சேருகின்றன.

இவ்வினாக்களுக்கு அவசரமாக விடை கூறுவதால் நேரும் தீங்கு சிறிதன்று. செடியில் ஒரு மாறுதலைக் கண்டதும் அதனை நோயெனக் கருதி மருந்து இடுவோர் பலர். பாசியை அழிக்கவென மயில்துத்தம் கலந்தால், அதிலுள்ள தாமிரம் மிகச் சிறிய அளவிலேயே நத்தைகளையும் இறால்களையும் கொன்றுவிடும். அளவு மிகுந்தால் மீன்களும் மடியும். செடியை நோயுற்றதெனப் பிடுங்கி அருகிலுள்ள குளத்தில் எறிந்தாலோ, தொட்டிக்குள் அடங்கியிருந்த தொல்லை ஊருக்கே பொதுவாகிவிடும். காரணத்தைச் சரியாக அறிந்தபின் பார்த்தால், இத்தகைய நிகழ்ச்சிகள் பலவற்றில் செடிக்கு நோயே இல்லை என்பது புலப்படும்.

இயல்பான மாறுதல்கள்

விபரீதமெனத் தோன்றும் ஒன்றைக் கண்டவுடன் கேட்க வேண்டிய முதல் வினா, அது அச்செடியின் இயல்பேயா என்பதாகும். நீர்ச்செடிகளின் வாழ்க்கை முறையை அறியாதவர்க்கு அவற்றின் இயல்பான உறுப்புகள் பலவும் விகாரங்களாகவே தோன்றும்.

வாலிஸ்னேரியாச் செடியிலிருந்து கம்பிச்சுருள் போன்ற நீண்ட காம்பு ஒன்று எழுவதுண்டு. அது பெண்பூவின் காம்பு. மகரந்தச் சேர்க்கை முடிந்தபின் அக்காம்பு சுருண்டு, கனியை நீருக்குள் இழுத்துக்கொள்ளும். அதே சமயத்தில் நீர்மேல் வெண்ணிறத் தூசி போல் மிதப்பவை, செடியடியிலிருந்து பிரிந்து மேலெழுந்த ஆண்பூக்களே. ஹைடிரில்லாவின் இலைக்கக்கத்தில் கரும்பச்சை நிறத்தில் திரண்டு நிற்கும் சிறு முடிச்சுகளைப் பூச்சிக் கட்டிகள் எனக் கருதுவோர் உண்டு. அவை தகாத காலத்தைக் கடப்பதற்காகச் செடி உண்டாக்கிக்கொள்ளும் உறங்கு மொட்டுகள். மண்ணுக்குள்ளும் இதே நோக்கத்திற்காகச் சிறு கிழங்குகள் தோன்றுகின்றன.

ஜாவாப் பெரணியின் இலையடியில் பழுப்புப் புள்ளிகள் காணப்பட்டால், அவை வித்துத்தூள் பைகளின் தொகுதிகளாக இருக்கலாம். இலை நுனியிலும் ஓரங்களிலும் வேருடன் தோன்றும் சிறு கன்றுகள் அச்செடியின் இனப்பெருக்க முறையாகும். அப்போனோஜீட்டான் இனத்தில் சில வகைகள் பூக்காம்பில் பூவுக்குப் பதிலாகக் கன்றுகளை ஈனுகின்றன. நம் குளங்களில் காணப்படும் கொட்டியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நீர் வற்றும் காலத்தில் இது இலைகளை இழந்து, கிழங்களவில் உறங்கிக் கிடக்கும். தொட்டியில் வளர்க்கும்போதும் இவ்வினச் செடிகள் ஓய்வு கொள்வதுண்டு. இலைகள் அனைத்தும் உதிர்ந்துவிட்டன என்று கிழங்கை எறிந்துவிடாமல், அதனை அழுத்திப் பார்ப்பது நன்று. கிழங்கு கெட்டியாக இருப்பின் செடி உயிருடன் உள்ளது. கொழகொழவென்று நாறினால் மட்டுமே அது அழுகியதாகும்.

ஒரே செடியில் இருவகை இலைகள்

இரண்டாவதாக, நீர்ச்செடிகள் பல, சூழ்நிலைக்கேற்ப இலையின் வடிவத்தையே மாற்றிக்கொள்கின்றன. நம் நாட்டு வயல்களிலும் குட்டைகளிலும் வளரும் லிம்னோபிலாவை எடுத்துக்கொள்ளலாம். நீருக்குள் மூழ்கிய கணுக்களில் இதன் இலைகள் மயிரிழை போல் பிளவுபட்டிருக்கின்றன. நீருக்குமேல் எழுந்த கணுக்களிலோ அவை பிளவின்றி அகன்று நிற்கின்றன. ஹைக்ரோபிலா இனத்தில் ஒரு வகை, நீருக்குமேல் வளரும்போது பல்விளிம்புடைய முழு இலையையும், நீருக்குள் வளரும்போது ஆழமாகப் பிளந்த இலையையும் தருகிறது. வெப்பமும் ஒளியும் மாறினாலும் அதன் இலை வடிவம் மாறுபடும்.

இம்மாறுதல் நிகழும் விதத்தை ஆராய்ச்சிகள் ஓரளவு விளக்கியுள்ளன. செடியின் உடலில் உண்டாகும் எத்திலீன் என்னும் வாயு காற்றில் எளிதாகக் கலைந்துவிடும். நீருக்குள்ளோ அது வெளியேற வழியின்றித் திசுக்களிலேயே தங்குகிறது. அவ்வாறு தங்கும் எத்திலீன், நீரில் மூழ்கிய நிலையைச் செடிக்கு உணர்த்தும் அறிகுறியாக அமைகிறது. அதன் தூண்டுதலால் பல இனங்களில் தண்டு நீள்கிறது. நீருக்குரிய இலைகள் தோன்றுகின்றன. இதற்கு மாறாக, அப்சிசிக் அமிலம் என்னும் மற்றொரு வளர்ச்சிப் பொருள் காற்றுக்குரிய இலை உண்டாவதை ஊக்குகிறது. வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் வெள்ளம் உயர உயரத் தானும் நீண்டு வளரும் ஆழ்நீர் நெல்லிலும் எத்திலீனே அந்நீட்சியைத் தொடங்கி வைக்கிறது.

இவ்வறிவு நடைமுறையில் பெரிதும் பயன்படுவதாகும். விற்பனைக்கான நீர்ச்செடிகளிற் பல, பண்ணைகளில் வேர் மட்டும் ஈரத்தில் இருக்க, இலைகள் காற்றில் இருக்குமாறு வளர்க்கப்படுகின்றன. அவற்றை வாங்கி வந்து தொட்டியில் மூழ்க வைத்தால், சில நாட்களில் பழைய இலைகள் நிறம் மங்கிக் கரைந்து போகும். பின்னர்த் தோன்றும் இலைகள் வடிவத்தில் வேறுபட்டிருக்கும். வாங்கியவர் தாம் ஏமாற்றப்பட்டதாகவோ, செடி நோயுற்றதாகவோ எண்ணுவார். கிரிப்டோகோரைன் இனத்தில் இது மிக வேகமாக நிகழும். நீரோ ஒளியோ மாறிய சில நாட்களுக்குள் இலைகள் அனைத்தும் கூழாகிவிடக்கூடும். எனினும், மண்ணுக்குள் உள்ள கிழங்கு கெடாதிருந்தால், தொந்தரவு செய்யாமல் விடப்பட்ட செடி சில வாரங்களில் புதிதாகத் துளிர்க்கும். இத்தறுவாயில் அதனைப் பிடுங்கி இடம் மாற்றுவதே அதற்குப் பெருங்கேடு.

நெருக்கமும் வடிவத்தை மாற்றும். கேரளத்தின் நீர்நிலைகளில் பெருந்தொல்லை தந்த சால்வினியா மொலெஸ்டா என்னும் மிதக்கும் பெரணி, இடம் தாராளமாக இருக்கும்போது நீர்மேல் தட்டையாகப் படிந்த சிறிய இலைகளைக் கொண்டிருக்கும். நெருக்கம் மிகும்போது இலைகள் பெருத்து, நடுவில் மடிந்து, நிமிர்ந்து நிற்கும். இவ்விரு நிலைகளையும் தனித்தனியே கண்டவர் அவற்றை இரு வேறு செடிகள் என்றே கூறிவிடுவர்.

மூத்த இலையா, இளம் இலையா?

மேற்கூறிய இயல்பான காரணங்கள் பொருந்தவில்லையாயின், மூன்றாவதாகச் சத்துக் குறைவை ஆராய வேண்டும். இங்கு முதலில் நோக்க வேண்டியது நிறத்தை அன்று. குறி தோன்றிய இடத்தையே நோக்க வேண்டும்.

செடியின் உடலில் சில சத்துகள் இடம்பெயரக் கூடியவை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவை குறைந்தால், செடி தன் மூத்த இலைகளிலிருந்து அவற்றை எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. ஆகவே, குறைவின் அடையாளம் முதலில் அடியிலைகளில் தோன்றுகிறது. இரும்பு, சுண்ணாம்புச் சத்து, போரான் போன்றவை ஓரிடத்தில் படிந்தபின் எளிதில் பெயர்வதில்லை. அவை குறையும்போது மூத்த இலை பசுமையாகவே இருக்க, இளங்குருத்து துன்புறுகிறது.

இவ்வடிப்படையில் குறிகளைப் பின்வருமாறு பிரிக்கலாம். அடியிலை முழுவதும் சீராக மஞ்சளித்து உதிர்ந்தால், தழைச்சத்துக் குறைவை ஐயுறலாம். வளர்ச்சி குன்றி, இலை கருமை கலந்த பச்சையாகி, மூத்த இலைகள் விரைவில் அழிந்தால் மணிச்சத்துக் குறைவு எனலாம். அடியிலையின் விளிம்பு மஞ்சளித்து, பரப்பில் ஊசியால் குத்தியது போன்ற துளைகள் தோன்றிப் பெருகினால் சாம்பல் சத்தைக் கருத வேண்டும். அடியிலையில் நரம்பு பச்சையாக இருக்க நரம்பிடை மட்டும் வெளுத்தால் மக்னீசியக் குறைவு. இதே வெளுப்பு குருத்திலையில் தோன்றினால் பெரும்பாலும் இரும்புக் குறைவு. குருத்திலை சிறுத்து, முறுக்கிக்கொண்டு, நுனி கருகினால் சுண்ணாம்புச் சத்தோ போரானோ போதவில்லை என ஐயுறலாம்.

ஒரு சத்தின் குறைவு எப்போதும் அச்சத்து நீரில் இல்லை என்பதையே காட்டும் என்று கொள்வது தவறு. காரத்தன்மை மிகுந்த கிணற்று நீரில் இரும்பு இருந்தாலும், அது கரையாத துருவாக அடியில் படிந்துவிடுவதால் செடிக்குக் கிட்டுவதில்லை. மழை நீரையோ, சுத்திகரிப்புக் கருவியில் உப்புகள் நீக்கப்பட்ட நீரையோ மட்டும் தொடர்ந்து ஊற்றி வந்தால் சுண்ணாம்பும் மக்னீசியமும் குறைந்துவிடும். மீன்களின் கழிவு தழைச்சத்தையும் மணிச்சத்தையும் தாராளமாகத் தருகிறது. சாம்பல் சத்தும் இரும்பும் அதே அளவில் கிடைப்பதில்லை. எனவே, மீன் நிறைந்த தொட்டியில் செடி மெலிந்தால் அதற்குத் தழையுரம் இடுவது பெரும்பாலும் பாசிக்கே உணவாக முடியும்.

ஒளியும் கரியமிலவாயுவும்

சத்து அனைத்தும் இருந்தும் செடி தளர்வதுண்டு. கணுக்களுக்கு இடையிலுள்ள தூரம் நீண்டு, தண்டு வெளிறி, அடியிலைகள் உதிர்ந்து, நுனி மட்டும் நீர்ப்பரப்பை நோக்கி ஓடினால் ஒளி போதவில்லை என்பது பொருள். தண்டு குட்டையாகி, நுனியிலைகள் செந்நிறம் ஏற்றால் அது பல இனங்களில் மிகுந்த ஒளிக்கு ஏற்ற இயல்பான மாறுதலே.

ஒளியை மட்டும் கூட்டுவதால் பயன் விளையாமற் போவதற்குக் கரியமிலவாயு ஒரு முக்கிய காரணமாகும். அவ்வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. நீர் அசையாதிருந்தால் இலையைச் சுற்றியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் அது தீர்ந்துவிடும். வாலிஸ்னேரியாவும் ஹைடிரில்லாவும் நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டைப் பிரித்துக் கரியைப் பெறும் ஆற்றலுடையவை. பாசங்களுக்கும் கபோம்பா போன்ற செடிகளுக்கும் அவ்வாற்றல் இல்லை. ஒரே தொட்டியில் ஹைடிரில்லா செழித்தோங்க, அருகிலுள்ள கபோம்பா மெலிந்து போவதைக் கண்டால் இக்காரணத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஹைடிரில்லாவின் இத்தனித்தன்மை இந்திய விஞ்ஞான வரலாற்றிலும் இடம் பெற்றதாகும். ஜகதீச சந்திர போஸ் ஒளிச்சேர்க்கை பற்றி 1924-இல் வெளியிட்ட நூலில், ஹைடிரில்லாவைக் கொண்டு தாம் நடத்திய சோதனைகளை விவரித்துள்ளார். கோடைக் காலச் செடி மற்றப் பருவச் செடியிலிருந்து வேறுபட்டு நடந்துகொள்வதையும், அதில் மாலிக் அமிலம் காணப்படுவதையும் அவர் குறித்தார். வெப்பம் மிகுந்து கரியமிலவாயு குறையும்போது, இச்செடி கரியை முதலில் நான்கு கரியணுக்கள் கொண்ட அமிலங்களாகச் சேர்த்துவைக்கும் முறைக்கு மாறிக்கொள்கிறது என்பது பல பத்தாண்டுகளுக்குப் பின் நிலைநாட்டப்பட்டது. வழக்கத்திற்கு மாறாகத் தோன்றிய ஒன்றைப் பிழையென ஒதுக்காமல் குறித்து வைத்ததன் பயன் இது.

இலைமேற் படிவுகள்

இலையின் மேற்பரப்பில் வெண்ணிற ஓடு போன்ற படிவைக் காணின், அதனைப் பூஞ்சணம் என்று முடிவு செய்யலாகாது. பைகார்பனேட்டிலிருந்து கரியை எடுக்கும் செடியின் இலைமேல் சுண்ணாம்புக் கார்பனேட் படிகிறது. அவ்விலையை வெளியே எடுத்து, அதன்மேல் காடி ஒரு துளி விட்டால் நுரைத்துக் கரையும், பூஞ்சணமாயின் நுரைக்காது. மாணவர் தாமே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை இது.

விரலால் துடைத்தால் நீங்கும் பழுப்புத் தூள், புதிய தொட்டிகளில் வழக்கமாகத் தோன்றும் டயாட்டம் என்னும் நுண்ணுயிர்ப் படலமாகும். வழவழப்பான நீலப்பச்சைப் போர்வையாக விரிந்து துர்நாற்றம் வீசுவது நீலப்பச்சைப் பாசி. இலை விளிம்பில் கருநிறக் குஞ்சம் போல் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சாராயத்தில் இட்டால் சிவந்து தோன்றும்; அது சிவப்புப் பாசி இனத்தைச் சேர்ந்தது.

வெளியிலிருந்து வரும் கேடுகள்

இலையில் துண்டு துண்டாக வெட்டுகள் காணப்பட்டால், சில நீர் அந்துப்பூச்சிகளின் புழுக்களைத் தேட வேண்டும். அவை இலைத் துண்டுகளைப் பிணைத்துக் கூடு கட்டி அதற்குள் மறைந்திருக்கும். வேர்கள் கருத்து, மண்ணைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் எழுந்தால், அடிமண்ணில் பிராணவாயு இன்றிக் கந்தக வாயு உண்டாகியுள்ளது எனலாம். வேர்மேல் செம்பழுப்புப் பூச்சு மட்டும் இருப்பின் அச்சமில்லை. அது பெரும்பாலும் இரும்புத் துருவேயாம்.

கள ஊழியர் தனியே கவனிக்க வேண்டியது களைக்கொல்லியாகும். 2,4-டி போன்ற மருந்து தெளித்த வயலிலிருந்து வடியும் நீரைத் தொட்டியில் ஊற்றினால், அகன்ற இலையுடைய இருவித்திலைச் செடிகளின் தண்டும் குருத்தும் சில நாட்களிலேயே முறுக்கிக்கொள்ளும். வாலிஸ்னேரியா போன்ற ஒருவித்திலைச் செடிகள் அவ்வளவாகப் பாதிக்கப்படா. சுண்ணாம்புச் சத்துக் குறைவாலும் குருத்து முறுக்கும் என்று மேலே கண்டோம். அது மெல்ல மெல்ல வளரும் கேடு. களைக்கொல்லியின் கேடோ, நீர் மாற்றிய நாளைத் தொடர்ந்து திடீரென்று வருவது.

ஆராயும் வரிசை

தொட்டியைக் காணச் செல்பவர் பின்வரும் வினாக்களை இவ்வரிசையிலேயே கேட்பது நலம்:

1. செடியின் இனம் யாது? காண்பது அதன் இயல்பான உறுப்போ, பருவமோ ஆகுமா?
2. செடி தொட்டிக்கு வந்து எத்தனை வாரம் ஆயிற்று? முன்பு அது நீருக்குள் வளர்ந்ததா, காற்றில் வளர்ந்ததா?
3. குறி ஓரினத்தில் மட்டும் உள்ளதா, எல்லா இனங்களிலும் உள்ளதா?
4. மூத்த இலையில் தொடங்கிற்றா, குருத்தில் தொடங்கிற்றா?
5. மெல்ல வந்ததா, திடீரென வந்ததா? அதற்கு முன் நீர், விளக்கு, மண், மருந்து இவற்றுள் எது மாற்றப்பட்டது?
6. படிவு துடைத்தால் நீங்குகிறதா? வேர் எந்த நிறத்தில் உள்ளது?

இவ்விடைகளால் கிடைப்பது ஓர் ஊகமே. அதனைச் சோதனையால் உறுதி செய்ய வேண்டும். ஒரே செடியிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமுள்ள நுனித்துண்டுகளை வெட்டி, மூன்று கண்ணாடிச் சாடிகளில் சம எண்ணிக்கையில் இடலாம். முதற் சாடியில் தொட்டி நீரே இருக்கட்டும். இரண்டாவதில் அதே நீருடன் ஐயத்திற்குரிய சத்து ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். மூன்றாவதில் சத்து எதுவும் சேர்க்காமல் ஒளியை மட்டும் கூட்ட வேண்டும். சாடிகளில் மீன் விடலாகாது. இரண்டு அல்லது மூன்று வாரம் கழித்து, புதிதாகத் தோன்றிய இலைகளை மட்டும் ஒப்பிட வேண்டும். சிதைந்த பழைய இலை மீண்டும் முழுமை பெறுவது அரிதாதலால், அதனைக் கொண்டு பயனை மதிப்பிடுதல் கூடாது. ஒரே சமயத்தில் இரண்டு மாறுதல்களைச் செய்தால், பயன் தந்தது எது என்று கூற இயலாமற் போகும்.

கழிக்கும் செடிகளை என் செய்வது?

ஆராய்ச்சி முடிந்தபின் வேண்டாத செடிகளையும், கத்தரித்த துண்டுகளையும் சாக்கடையிலோ, வாய்க்காலிலோ, குளத்திலோ எறியலாகாது. ஹைடிரில்லாவில் ஒரே ஒரு கணு கொண்ட துண்டும் புதுச் செடியாகக் கூடும். நம் நாட்டுக்கு இயல்பான இச்செடி, 1950-களில் தொட்டிச் செடியாக அமெரிக்காவின் புளோரிடாவை அடைந்து, அங்குள்ள ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்துக்கொண்டது. தென்னமெரிக்கச் செடியான இளஞ்சிவப்புக் கபோம்பா கேரளத்தில் பரவியுள்ளது. 2020-இல் கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப்பாண்டியில் அது நீர்ப்பரப்பெங்கும் பூத்தபோது, அழகைக் காண மக்கள் திரண்டனர். அவர்களிற் சிலர் கையில் எடுத்துச் சென்ற கொடி, மற்றோர் ஊரின் நீர்நிலைக்கு வித்தாகக் கூடும் என்பதை மாணவர்க்கு எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமையாகும். கழிக்கும் செடிகளைத் தரையில் பரப்பி, வெயிலில் முற்றிலும் காயவைத்தபின் எருக்குழியில் இடுவதே தக்க முறை.

ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, நீர் மாற்றிய நாள், விளக்கு எரிந்த நேரம், சேர்த்த பொருள், கண்ட மாறுதல் ஆகியவற்றைத் தேதியுடன் எழுதி வந்தால், மேற்கண்ட வினாக்களிற் பாதிக்கு அந்த ஏட்டிலிருந்தே விடை கிடைக்கும்.

வகுப்பிற்கான பயிற்சிகள்

1. லிம்னோபிலாவின் நுனித்துண்டுகளை ஆழம் குறைந்த பாத்திரத்தில் நட்டு, நீருக்குமேல் எழும் வரை வளர்த்து, ஒவ்வொரு கணுவின் இலையையும் வரைக.
2. வெயிலில் வைத்த ஹைடிரில்லாச் சாடியின் அமில காரத் தரத்தைக் காலையிலும் பிற்பகலிலும் சோதனைத் தாளால் அளந்து, வேறுபாட்டிற்குக் காரணம் கூறுக.
3. ஒரு தொட்டியில் எல்லாச் செடிகளின் அடியிலைகளும் துளைபட்டுள்ளன. குருத்துகள் பசுமையாக உள்ளன. மீன்கள் நலமாக உள்ளன. எதனை முதலில் ஐயுறுவீர்? அதனை எவ்வாறு உறுதி செய்வீர்?